வடக்குப்பட்டுப் பீச்சாங்கை மன்றம்

சினிமா நடிகருக்கு மன்றம் வைப்பார்கள், கட்சித் தலைவருக்கு வைப்பார்கள். டென்னிஸ் ஆடுகிற மனுஷனுக்கு எந்த ஊரிலாவது மன்றம் வைப்பார்களா? வடக்குப்பட்டில் வைத்தார்கள். வைத்தவன் ரகுபதி. ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தகரப் பலகை ஒன்றை நிறுத்தியிருந்தான். வெள்ளைச் சட்டையும் வெள்ளை நிஜாருமாகக் கோதண்டராமன் அதில் மட்டையை ஓங்கிக்கொண்டிருப்பார். கீழே 'டென்னிஸ் திலகம் கோதண்டராமன் தலைமை ரசிகர் மன்றம்' என்று எழுதியிருக்கும். தலைமை மன்றம் என்று போட்டுக்கொண்டானே தவிர, கிளை மன்றம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

கோதண்டராமன் ஆட்டத்தை விட்டே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் என்ன, அவருடைய பிறந்த நாளுக்கு வடக்குப்பட்டில் சர்க்கரைப் பொங்கல் தவறியதில்லை. பக்கத்திலேயே நடிகர் மன்றம் நடத்தி வந்த சுப்பனுக்கு இது வயிற்றெரிச்சல். "ரிடையர் ஆன ஆளுக்கு எதுக்குப்பா மன்றம்? உன் தலைவர் அடுத்த படம் எப்போ ரிலீசு?" என்று பஸ்ஸில் எல்லாரும் கேட்கும்படி கேட்பான்.

"உன் தலைவரு அடிச்சா வுழறதுக்குன்னே ஆளுங்களுக்குச் சம்பளம் குடுத்து வெச்சிக்கிறாங்க. எங்காளு ஜெயிச்சது நெசமா ஜெயிச்சது. நெசத்துக்கு ரிடையர்மெண்ட் கெடையாது" என்பான் ரகுபதி. வாயாடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோதண்டராமன் ஆடி ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ஊருக்கு டி.வி. வருவதற்குள் அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ரேடியோ செய்தியில் கடைசி வரியாக 'இந்தியாவின் கோதண்டராமன் வென்றார்' என்று சொல்வார்கள், அவ்வளவுதான். ரகுபதிக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு வாரப் பத்திரிகை நடுப்பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு, ஆட்டத்தின் விதிகளையும் விளக்கியிருந்தது. அந்தப் பக்கம்தான் வடக்குப்பட்டுக்கு வாத்தியார். அதைப் பார்த்துத்தான் நெல்லடிக்கிற களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் பழைய வலை வாங்கிக் குறுக்கே கட்டினார்கள், மெட்ராஸ் பழைய சாமான் கடையில் மட்டை தேடினார்கள். அந்தப் படத்தில் கோதண்டராமன் மட்டையைப் பிடித்திருந்தது இடது கையில். ஆகவே வடக்குப்பட்டில் டென்னிஸ் என்றால் இடது கையால் ஆடுவது.

சோற்றுக்கைப் பழக்கத்தில் பிறந்து வளர்ந்த பையன்கள் எல்லாரும் கையை மாற்றிக்கொண்டார்கள். ரகுபதி அடித்த பந்து முதல் வருஷம் பூராவும் மாட்டுக்கொட்டகைக்குத்தான் போனது. அவன் விடவில்லை. அப்புறம் பந்து சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. 'பீச்சாங்கை மன்றம்' என்று சுப்பன் வைத்த பெயர் வாலாஜாபாத் வரைக்கும் பரவிவிட்டது. ஒரு முறை கடலை மடித்த காகிதத்தில் கோதண்டராமன் படம் வந்து, அதில் மட்டை வலது கையில் இருந்தபோது, சுப்பன் அதை ஓடிவந்து காட்டினான். ரகுபதி அசரவில்லை. "ஆடி முடிச்சிட்டு வர்றாரு. கை கடுக்குது, மாத்திப் புடிச்சிக்கினு கீறாரு. இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிக் கடலையைத் தின்றான்.

ஆனால் அவனுக்கு அந்தப் படம் வெறும் படமில்லை. அவன் தங்கை சசிரேகா பிறவியிலேயே இடது கைக்காரி. அம்மா கங்கம்மாளுக்கு அது பெரிய மானக்கேடு. பெண் பிள்ளை பீச்சாங்கையால் சாப்பிட்டால் நாளைக்கு எவன் வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள் என்று கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் போடுவாள். அதற்கும் மசியாமல் போகவே, பழைய புடவைக் கிழிசலால் குழந்தையின் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கட்டுப்போட்ட கையோடு அது அழக்கூடச் செய்யாமல் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் ரகுபதி அந்த நடுப்பக்கத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதோ பாரு, உலகத்தையே ஜெயிச்ச ஆளு. எந்தக் கைன்னு பாரு." கங்கம்மாள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

அந்தச் சசிரேகாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஒயர் கம்பெனியில் வேலை. சாப்பிடுவது, எழுதுவது, ஆடுவது எல்லாம் இடது கை. லைனில் யாராவது கிண்டல் செய்தால், "சாம்பியன் கையி, தெரியுமா?" என்பாள். களத்தில் அவளை ஜெயிக்க மன்றத்தில் ஆளே கிடையாது, ரகுபதி உட்பட.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணி மாதம் ரகுபதியின் கம்பெனியில் ஆண்டு விளையாட்டு விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் கோதண்டராமன். ரகுபதிக்குத் தலைகால் புரியவில்லை. மானேஜரை விடாமல் நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற வழியில் வடக்குப்பட்டில் வண்டியை நிறுத்தி மன்றத்துக் கொடியை ஏற்றிவிட்டுப் போவார் என்று வாக்கு வாங்கிவிட்டான். சுப்பன்கூட அன்றைக்குப் பஸ்ஸில் கேலியை விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், விருந்தினரைப் பற்றித் தொழிலாளிகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று கேன்டீனில் டி.வி.யும் வீடியோ டெக்கும் வைத்து அவருடைய பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ரகுபதி முதல் வரிசையில் உட்கார்ந்தான். கோதண்டராமன் வந்தார், பந்தைத் தூக்கிப் போட்டார், அடித்தார். வலது கையால்.

கேசட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் அவன் நினைத்தான். பின்னால் இருந்த பலகையில் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆட்டம் பூராவும் வலது கைதான். பஸ்ஸை விட்டு இறங்கி மன்றத்துப் பலகைக்கு முன்னால் போய் நின்றான். பத்திரிகைப் படத்தை வைத்து கோட்டுக்குக் கோடு வரைந்த பலகை அது. சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. எந்தத் தையல்காரன் வலது பக்கம் பை வைப்பான்? அச்சுப் போட்டவன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான். பதினாறு வருஷமாகத் தினமும் பார்த்த படம், அந்தப் பை ஒரு நாளும் அவன் கண்ணில் படவே இல்லை.

ஊர் சிரிக்கும் என்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. அவன் நினைப்பெல்லாம் சசிரேகாவைப் பற்றித்தான். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை பூராவும் அவள் பின்னாலேயே சுற்றினான். அவள் புது வெள்ளைச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "தலைவருக்கு முன்னாடி ஒரு சர்வீஸ் போட்டுக் காட்டணும்ண்ணா. அவரு கையும் என் கையும் ஒண்ணுன்னு சொல்லணும்" என்றாள். ரகுபதி வெளியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேளம், சரவெடி, மாலை எதற்கும் குறைவில்லை. வரமாட்டோம் வரமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே சுப்பனின் மன்றமும் மொத்தமாக வந்து நின்றது. கம்பெனி காரிலிருந்து கோதண்டராமன் இறங்கினார். தலை நரைத்து, லேசாகத் தொப்பை வைத்து, ஆனால் நடையில் மட்டும் அந்த வெள்ளை நிஜார்க்காரராகவே இருந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது. கொடியை ஏற்றினார். களத்துக்கு அழைத்துப் போனார்கள். யாரோ ஆசையாக ஒரு மட்டையை நீட்ட, அவர் வாங்கி வலது கையில் பிடித்துக் காற்றில் இரண்டு தரம் வீசிப் பார்த்தார்.

மேளம் தானாக நின்றது.

"இன்னாப்பா ரகுபதி, உன் தலைவரு சோத்துக்கையில புடிக்கிறாரு?" என்றான் சுப்பன். கேலிக்குக்கூட இல்லை, அவனுக்கே அதிர்ச்சி.

ரகுபதி சசிரேகாவைப் பார்த்தான். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, தன் மட்டையை மெதுவாக இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். வெறும் இடது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். ரகுபதிக்குப் புடவைக் கிழிசலால் கட்டிப்போட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார்" என்று முன்னால் வந்தான். "தப்பு எங்களுது. உங்க படத்தப் பத்திரிகையில திருப்பிப் போட்டுட்டானுங்க. அது தெரியாம ஊரே பீச்சாங்கையால ஆடிக்கினு கீறோம். எங்க கத போவட்டும் சார். இவ என் தங்கச்சி. பொறந்ததுலருந்தே எடது கை. எங்கம்மா கையக் கட்டிப் போட்டிருந்தாங்க. உங்க படத்தக் காட்டித்தான் நான் கட்ட அவுக்க வெச்சேன். இப்ப நீங்களே சொல்லுங்க சார். இவ எந்தக் கையில ஆடணும்?"

மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோதண்டராமன் சசிரேகாவைப் பார்த்தார்.

"உனக்கு எந்தக் கையில ஆட வரும்மா?"

அவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தாள். "இதுலதான் சார்."

"அப்ப அதுல ஆடு. ஒரே ஒரு கேம், என்னோட. நீ சர்வீஸ் போடு."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சசிரேகா கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் பந்தை அவள் வெட்டி அடித்தாள். அது தரையில் பட்டு அவருக்கு இடப்பக்கமாக விலகி ஓட, கோதண்டராமன் மட்டையை நீட்டினார், எட்டவில்லை. கூட்டம் அவர் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தது. அடுத்த இரண்டு புள்ளியையும் அவர் வாங்கினார். வலைக்குப் பக்கத்தில் பூப் போடுகிற மாதிரி பந்தைப் போட்டுவிட்டு நின்றபோது, ஆஹா, இதைத்தானே ரேடியோவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று ரகுபதிக்குக் கண் கலங்கியது. அதற்கடுத்த பந்து மறுபடியும் விலகி ஓடியது. மறுபடியும் அவருக்கு எட்டவில்லை. கோதண்டராமன் நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மானேஜரிடம் கொடுத்தார். சட்டையின் மேல் பித்தானை அவிழ்த்தார்.

அப்போதுதான் ரகுபதிக்குப் புரிந்தது, இது தயவுக்கு ஆடுகிற ஆட்டம் இல்லையென்று. இரண்டு பேரும் சமத்துக்கு வந்தார்கள், ஒருவர் ஒரு புள்ளி ஏறினார், மறுபடி சமத்துக்கு வந்தார்கள். பெரியவருக்கு முதுகெல்லாம் வேர்வை. கடைசியில் சசிரேகா சர்வீசுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டாள். எந்தப் பக்கம் ஓடும் என்று இப்போது அவருக்குத் தெரியும், அந்தப் பக்கமே பாய்ந்தார். அவள் அதை நேராக அடித்தாள். பந்து அவர் விட்டுப்போன இடத்தில் விழுந்து களத்தைத் தாண்டி ஓடியது.

கேம் சசிரேகாவுக்கு. முதலில் கைதட்டியவன் சுப்பன்.

கோதண்டராமன் மட்டையை ஊன்றி, குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "நான் ஜெயிச்சதையெல்லாம் பத்திரிகையில போட்டாங்க. தோத்தது யார்கிட்டன்னு எவனும் போடல. பெரிய தோல்வியெல்லாம் இடது கைக்காரங்ககிட்டதான். ரெண்டு பேரு இன்னும் கனவுல வர்றாங்க. என் பேர்ல மன்றம் வெச்சு, ஊர் பூரா அவங்களையே வளர்த்து விட்டிருக்கீங்களேப்பா."

களமே சிரித்தது. ரகுபதியும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பலகையை மாத்தி எழுதிடறோம் சார்" என்றான்.

"தொடாதே. அந்தக் கையில ஆடியிருந்தா இன்னும் நாலு கோப்பை வாங்கியிருப்பேன். அப்படியே இருக்கட்டும்."

கங்கம்மாள் இத்தனை நேரமும் கூட்டத்துக்குப் பின்னால் மோர்ச் சொம்போடு நின்றிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு டம்ளரில் ஊற்றி, கோதண்டராமனுக்குக் கொடுக்கச் சொல்லி மகளிடம் நீட்டினாள். ஆடுகிற கை எதுவானாலும் பெரியவர்களுக்குக் கொடுக்கிற கை வலது கை. அந்த ஒன்றில் மட்டும் கங்கம்மாள் இந்நாள்வரை விட்டுக்கொடுத்ததில்லை. சசிரேகா மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையில் வாங்கிய டம்ளரை வழக்கம்போல வலது கைக்கு மாற்றப் போனாள்.

கங்கம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாத்தாதே. ஐயா எந்தக் கைகிட்டத் தோத்தாரோ, அந்தக் கையாலயே குடு."