லிஃப்ட் சாவியும் ஷரத்து சாரும்

காலில் மாவுக்கட்டோடு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இறக்கினால், லிஃப்ட் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வீடு நான்காவது மாடி. டாக்டர் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பூட்டுக்கு மேலே புத்தம்புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சங்கத்தின் அரசியல் சட்டம். பத்திரத்தில் பெயர் உள்ளவரே உறுப்பினர். ஓட்டு, பதவி, லிஃப்ட் சாவி மூன்றும் உறுப்பினருக்கு மட்டும்.' வாடகைக்கு இருக்கும் நாங்கள் மூட்டை ஏற்றி லிஃப்டைப் பாழாக்குகிறோமாம். நான் தையல்காரி. துணி மூட்டையைத் தலையிலா சுமந்துகொண்டு ஏறுவேன்?

எழுதியது யார் என்று கேட்கவே வேண்டாம். எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர்தான். நாலு வார்த்தைக்கு ஒரு 'ஷரத்து' போடுவதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஷரத்து சார் என்று பெயர். கீழ்த்தளத்திலேயே கமிட்டி கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவரோடு இன்னும் நாலு ஆண்கள், நடுவில் டீ. என் வீட்டுக்காரரைக் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நேராக அவரிடம் போனேன்.

"சார், என் வாடகை ஒப்பந்தத்துல லிஃப்ட் உண்டுன்னு தெளிவா இருக்கு."

"அது உங்களுக்கும் உங்க ஓனருக்கும் நடுவுல போட்ட ஒப்பந்தம்மா. சங்கம் அதுல கையெழுத்துப் போடலையே. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?"

சட்டப்படி அது சரிதான் போலிருக்கிறது. அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, இன்னிக்கு ஒரு நாளைக்காவது திறந்து விடுங்க."

"முடியாதும்மா. எழுதின நானே நெனச்சாலும் இஷ்டத்துக்கு மீற முடியாது. அதுக்குப் பேர்தான் அரசியல் சட்டம். மாத்தணும்னா உறுப்பினர்ல பாதிக்கு மேல கை தூக்கணும்."

"விடும்மா," என்றார் என் வீட்டுக்காரர். "நான் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியா பின்பக்கமா ஏறிடறேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்று அவரை அடக்கிவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினேன். "பத்திரம் உங்க பேர்ல இருக்குங்கற திமிரு சார் இது!"

காய்கறிப் பையோடு உள்ளே வந்த தலைவரின் மனைவி அப்படியே நின்றார்.

"இவர் பேர்லயா? வீடு என் பேர்லதான் இருக்கு! பொம்பளைங்க பேர்ல வாங்கினா பதிவுச் செலவு குறையும்னு இவர்தானே ஊருக்கெல்லாம் சொன்னாரு."

பொருளாளர் மேலே விட்டத்தைப் பார்த்தார். செயலாளர் செருப்பைத் தேடினார். ஒருத்தர் பெயரில்கூடப் பத்திரம் இல்லை! அத்தனை பேரும் தலைவர் பேச்சைக் கேட்டு மனைவி பெயரில்தான் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் எழுந்து போய் விரலை வைத்து அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார்.

"அப்ப நான் தலைவரே இல்லை," என்றார். முகம் செத்துப்போயிருந்தது. "இந்தக் கமிட்டியே செல்லாது." சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

தலைவரின் மனைவி போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் இறங்கி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? யார் தலைவி என்று ஒரு சண்டை. தண்ணீர்த் தொட்டியை முதலில் பேசவேண்டும் என்று இன்னொரு சண்டை.

"அக்கா, தொட்டி எங்கயும் ஓடிப் போயிடாது! என் மனுஷன் ஒத்தைக் காலோட உட்கார்ந்திருக்காரு!" என்று கத்திவிட்டேன். அழுகை வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

இங்கே குடியிருக்கிற எல்லாருக்கும் லிஃப்ட் உண்டு என்று தலைவரின் மனைவி சொன்னார். அத்தனை கையும் மேலே போனது. கமிட்டி ஆண்களில் ஒருவரும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்க, அவர் மனைவி தட்டி இறக்கினார்.

நீட்டிய காலோடு என் வீட்டுக்காரரும் நானும் ஏறியதும் லிஃப்ட் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பைக்கு இடமில்லை. ஷரத்து சார் பையை எடுத்துக்கொண்டு படியேறினார்.

எங்கள் லிஃப்ட் ஆடி அசைந்து போகும். கம்பிக் கதவு வழியாக இரண்டாவது மாடியில் அவரைப் பார்த்தேன், கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார். மூன்றாவதில் பையை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தார். வீட்டுக்காரரைக் கட்டிலில் படுக்கவைத்து நான் வெளியே வந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்லா வேணும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"என் வீடு முதல் மாடிம்மா," என்றார், மூச்சு வாங்க. "அந்த விதியை எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது இங்க வரைக்கும் ஏறிப் பார்த்திருக்கணும்."