நாத்தனாருக்குத் திறந்த கதவு

மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்க வேண்டும். ஐந்து வயது இளவேனில் அதை விளையாட்டாக்கியிருந்தாள். "போலீஸ், செக் பண்ணிக்கோ" என்று அம்மாவிடம் வாயை நீட்டுவாள்.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிகிச்சை இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. பத்து நாளுக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் ஊசியும் ரத்தப் பரிசோதனையும். மற்ற நாளெல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகள்தான் குழந்தைக்கு உலகம். மருந்து நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அழிக்கும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து போகிற அம்மைகூட இவள் உயிருக்கு ஆபத்து, அதனால் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று குழந்தையின் தாய் சத்யப்பிரியாவிடம் டாக்டர் சொல்லியிருந்தார்.

டாக்டருக்குச் சொல்வது சுலபம். நோய் கண்ட வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஓர் எட்டு வந்து பார்க்காவிட்டால் நம் பக்கத்தில் உறவு முறியும். வந்தவரை வாசலோடு திருப்பினால் அதைவிட மோசமாக முறியும். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு பிளாக் ஜனங்களைச் சத்யப்பிரியா தடுத்துவிட்டாள். கணவனின் அக்காவைத்தான் தடுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சந்திரா வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகன். கணவன் செங்குட்டுவன் முதல் ஷிப்ட்டுக்குச் சுரங்கத்துக்குப் போயிருந்தான். சத்யப்பிரியா கதவைப் பிடித்தபடி டாக்டர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் யாரு, ஊராளா? எந்தம்பி பொண்ணப் பாக்க எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்? நவுறு."

சத்யப்பிரியா நகர்ந்தாள்.

எட்டு மாதமாக விளையாட ஒரு பிள்ளை இல்லாமல் கிடந்தவள் இளவேனில். இரண்டு பேரும் தரையில் உருண்டு, ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்துச் சிரித்ததைக் கேட்டபோது தாய்க்கே மனம் இளகிவிட்டது. அரை மணி கழித்துப் பொடியன் வாயைத் துடைக்கக் குனிந்தவள், அவன் காதுக்குப் பின்னால் நீர் கோத்த இரண்டு கொப்புளங்களைப் பார்த்தாள். என்ன இது அண்ணி என்றாள்.

சந்திராவும் அப்போதுதான் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவனுக்கும் முத்து போட்டுட்டாளா ஆத்தா? பெரியவனுக்கு மூணு தண்ணியும் ஊத்தி நாலு நாளாச்சே. அந்த வேப்பிலையத்தான் இவளுக்கு எட்த்துகினு வந்தேன்."

அவள் மறைக்கவில்லை. அந்த வீட்டில் அம்மை நோயல்ல, வந்து போகிற தெய்வம். தண்ணீர் ஊற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது. நோய் என்று வாயெடுத்துச் சொல்வதுதான் அவர்களுக்குக் குற்றம்.

அன்றே புதுச்சேரிக்கு ஓடினார்கள். அங்கே அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி தரும் ஊசி போட்டார்கள். அது காக்கலாம், காக்காமலும் போகலாம், நான்கு வாரம் பொறுத்துத்தான் தெரியும் என்றார்கள். புற்றுநோய் மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். கொடுத்தால் அம்மை முற்றும், கொடுக்காவிட்டால் பழைய நோய் தலையெடுக்கும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் சத்யப்பிரியா தினமும் மகளின் சட்டையைக் கழற்றி வயிறு, முதுகு, அக்குள் என்று தேடினாள்.

பதினாறாம் நாள் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது.

மருத்துவமனையில் தனி அறை. கூட ஒருவர்தான் இருக்கலாம். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. செங்குட்டுவனை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சத்யப்பிரியா வெளியே வந்தபோது படிக்கட்டில் சந்திரா அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கே என்னை வெளிய போன்னு சொல்லக்கூடாதா நீ?"

"சொல்லியிருக்கணும் அண்ணி. சொன்னா திட்டுவீங்க, ஒரு வருஷம் பேசமாட்டீங்க. அதுக்குப் பயந்துட்டேன். புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுமேன்னு பயப்படல."

சத்யப்பிரியா மருந்துச் சீட்டோடு கீழே இறங்கிப் போனாள்.

சற்று நேரத்தில் நெல்லிக்குப்பத்துச் சொந்தக்காரி வீரம்மாள் பழப்பையோடு படியேறினாள். வெளியிலிருந்தே கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். சந்திரா எழுந்து குறுக்கே கையை நீட்டினாள்.

"போவாத. நம்ம ஆசைக்குப் பாக்கறது நோவு கண்ட புள்ளைக்கு நல்லது இல்ல. வர்றதுக்கு முன்ன போன் போட்டு வரலாமான்னு கேளு, நம்ம வூட்ல யாருக்கு என்னா இருக்குன்னு சொல்லு, வேணான்னா கோச்சிக்காம வூட்லயே இரு. அன்னிக்கு வாசல்ல சொல்லியும் நான் கேக்கல. உள்ள எந்தம்பி பொண்ணு அனுபவிச்சிகினு கீறா."