மூன்றாம் முறை கேட்டபோது

லேயாளுக்குச் செய்தி தெரிந்து ஐம்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பரிபூரணத்திடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

1962ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் அதிகாலை நாலு மணி. குற்றாலத்தில் அந்தச் சின்னக் கோயிலுக்குள் ஒரு விளக்கும் இல்லை. சபையார் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கையில் இருந்தது. யாரும் ஏற்றவில்லை. அருவியின் இரைச்சல் உள்ளே வரை கேட்டது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. இது எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் இங்கே, அதிகாலை ஆராதனையில் முதல் மெழுகுவர்த்தியை அந்த வீட்டுக்காரர்தான் ஏற்ற வேண்டும். சபைப் போதகரான ஐயர் வாசலில் நின்று, இந்த வருஷம் இருட்டு வந்த வீடு எது என்று மூன்று முறை கேட்பார். அந்த வீட்டில் ஒருவர் எழுந்து, போனவர் பெயரைச் சொல்லிவிட்டு முன்னால் போவார். அவர் ஏற்றிய சுடரிலிருந்துதான் மற்ற எல்லாரும் ஏற்றிக்கொள்வார்கள். காலரா வந்த ஒரு வருஷத்தில் ஊரில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் இல்லாமல் போனபோது ஆரம்பித்தது என்று சொல்வார்கள். மூன்று முறை கேட்டும் யாரும் எழாவிட்டால் ஐயரே ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட வருஷம் அபூர்வம். இந்த வருஷம் அப்படித்தான் என்று சபையில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லேயாள் பி.எஸ்ஸி. படித்தவள். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். கோயிலில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். வீட்டில் மட்டும் குரலுக்குக் குறைச்சல் இல்லை. அவளும் அம்மாவும் காலையில் உப்பில் ஆரம்பித்தால் ராத்திரி கல்யாணப் பேச்சு வரை சண்டைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தென்காசியில் கலர்த்தாளும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பாலத்தடியில் ஒருவன் கம்பு ஊன்றி நின்றுகொண்டிருந்தான். பெயர் குற்றாலிங்கம், ஊர் புளியறை என்றான். அவள் தம்பி தயாபரனும் அவனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். சீனாக்காரனோடு நடந்த சண்டையில் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார்கள். பனியில் இவனுக்குக் கால்விரல்கள் போய்விட்டன. இவர்கள் வீட்டு வாசல் வரை போனானாம். உள்ளே எண்ணெய் காயும் வாசம் வந்ததாம். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே, வாங்கய்யா யாரு என்று கேட்டிருக்கிறாள். வீடு மாறி வந்துவிட்டேன் என்று திரும்பிவிட்டான்.

மற்றதை அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். தயாபரன் இறந்ததைக் கூட இருந்து பார்த்தவன் அவன். கல்லை அடுக்கி மூடியதும் அவன்தான். சர்க்காரிடமிருந்து தகவல் வர நாளாகும், அங்கே எல்லாம் கலைந்து கிடக்கிறது என்றான்.

“அம்மாட்ட சொல்ல எனக்கு வாய் வரலக்கா. நீங்க பக்குவமா சொல்லிருங்க.”

லேயாள் தலையாட்டினாள். அவனுக்குப் பஸ் வரும் வரை நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. செத்தவன் செத்தவன்தான். நாலு நாள் கழித்துச் சொன்னாலும் அது மாறப்போவதில்லை. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு பண்டிகையை அவள் முழுதாகக் கொண்டாடட்டும். இருபத்தாறாம் தேதி சொல்லிக்கொள்ளலாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை, துக்க வீட்டில் கட்டக்கூடாத நட்சத்திரத்தை அவளே செய்தாள். மூங்கில் குச்சியை வளைத்து, தாள் ஒட்டி, உள்ளே சின்ன விளக்கு வைத்து மாமரத்துக் கொப்பில் கட்டினாள். போன வருஷம் தயாபரன் லீவில் வந்து கட்டிய கொப்பு அது. நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

அம்மா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். “ஏட்டி, இதப் பாத்து நடந்தா சாஸ்திரிமாரு பெத்லகேமுக்கா போவாவ? பாவநாசத்துக்குல்லா போயிருவாவ.”

லேயாள் ஏணியை மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பாட்டுக் கூட்டம் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்தது. அம்மா எல்லாருக்கும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொடுத்தாள். மகன் எப்போது வருகிறான் என்று கேட்டார்கள். வருவான், ரயிலில் கூட்டமாக இருக்கும் என்றாள். கடைசியில் ஐயர் சீனிவாசகம் ஜெபம் பண்ணினார். இந்த வருஷம் சபையில் ஒரு வீட்டுக்கும் சாவு வரவில்லை என்றும், முதல் திரியைத் தாமே ஏற்றப் போவதாகவும் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். அப்போதுதான் லேயாளுக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. அவள் கணக்கில் அது இல்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் கோயிலில் பொய் சொன்னதாகும். தயாபரன் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். அவனை இல்லையென்று ஆக்கிவிட்டு ஏற்றும் விளக்கு எப்படிப்பட்ட விளக்கு? திறந்தால், அம்மா அத்தனை பேர் நடுவிலே அதைக் கேட்க வேண்டும். ஆராதனைக்கு முன்னால் வீட்டிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். திங்கட்கிழமை முழுவதும் வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அப்பா இறந்த வருஷம் முதல் திரியை ஏற்றியது அம்மா. அப்போது லேயாளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இருட்டில் ஒரே ஒரு முகம் கீழிருந்து வெளிச்சம் பட்டுத் தெரிந்ததும், அந்தச் சுடரைத் தேடி ஒவ்வொரு கையாக வந்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், விளக்கு ஏற்றியதால் என்ன ஆயிற்று, அப்பா வந்துவிட்டாரா என்று கேட்டு அழுதாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

“இருட்டு போயிருச்சின்னு எவ சொன்னா? அது அங்கனயேதான் கெடக்கும். ஒரு வெளக்க அமுக்கப் பாத்துச்சு, முடியல. அம்புட்டுதான். மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரும் அதத்தான் செஞ்சாரு.”

காலேஜில் படிக்கும்போது லேயாள் இதை யோசித்ததுண்டு. இருட்டு என்று தனியாக ஒன்று கிடையாது, வெளிச்சம் இல்லாததுதான் இருட்டு என்று புத்தகம் சொன்னது. அம்மா சொன்னது வேறு. இரண்டையும் அவள் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கவில்லை.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. வாசல் பக்கம் ஐயரின் அங்கி உரசும் சத்தம் கேட்டது.

“இந்த வருஷம் இருட்டு வந்த வீடு எது?”

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். லேயாளின் கையிலிருந்த மெழுகுவர்த்தி உள்ளங்கைச் சூட்டில் வளைந்திருந்தது.

“இருட்டு வந்த வீடு எது?”

பின்னால் ஒரு பெண் மெதுவாக ஸ்தோத்திரம் என்றாள். அம்மாவும் சொல்லுவாள் என்று லேயாள் எதிர்பார்த்தாள். அம்மா சொல்லவில்லை. அம்மாவின் கை இருட்டில் தேடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முறுக்கு பிழிந்து காய்ப்பேறிய கை.

“சனிக்கெழமலேருந்து நீ எங்கூட ஒரு சண்டை போடல,” என்றாள் அம்மா, காதோடு. “நட்சத்திரத்த கோணலா கட்டிருக்கன்னு சொன்னேன், அதுக்கும் ஒரு வார்த்த இல்ல. அன்னைக்கு வந்தவன் வீடு மாறி வரலன்னு அப்பத்தான் வெளங்குச்சு.”

அவள் சொல்லாமல் காத்ததுபோலவே, நட்சத்திரம் கட்டிய நேரத்திலிருந்து அம்மாவும் கேட்காமல் காத்திருந்தது லேயாளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் வாயிலிருந்து வராத வரையில் அம்மாவுக்கும் அது நடக்காததாகவே இருந்திருக்கிறது.

“அம்மா...” என்று ஆரம்பித்தாள்.

“எங்கிட்ட வேண்டாம். அவரு கேக்காருல்லா, அவர்ட்ட சொல்லு. அவன் பேரச் சொல்லாம இங்கன ஒரு வெளக்கும் எரியக்கூடாது.” அம்மாவின் குரல் அங்கே ஒரு தடவை உடைந்து, திரும்பச் சேர்ந்தது. “இப்ப இருட்டுதான? எம்மூஞ்சி ஒனக்குத் தெரியாது. எந்திரிட்டி.”

வாசலில் ஐயர் தீக்குச்சியை எடுத்துவிட்டார். பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது. வழக்கத்துக்காக மூன்றாம் முறையும் கேட்டார்.

“இந்த வருஷம் இருட்டு வந்த வீடு எது?”

லேயாள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டை விட்டுவிட்டாள். அவள் குரல் முதலில் வரவில்லை. பிறகு வந்தது. எல்லா வரிசைகளையும் தாண்டி வாசல் வரை போனது.

“எங்க வீடு ஐயா. எந்தம்பி தயாபரன் செத்துப்போனான்.”