அப்பா வெச்சாரா, டவர் வெச்சுதா

எங்க ஆபீஸ்ல மனுசன் கையில இருக்கற போனுக்கு யூ.ஈ.ன்னு பேரு. யூசர் எக்விப்மென்ட். டவர்ல கீற பொட்டிக்கு பி.டி.எஸ். அந்த டவர் போனுக்கு எவ்ளோ பலமா கேக்குதுன்னு அளந்தா ஆர்.எஸ்.ஆர்.பி. மத்த எரைச்சலுக்கு நடுவுல எவ்ளோ சுத்தமா கேக்குதுன்னா எஸ்.ஐ.என்.ஆர். ஓடற ரயில்ல ஒரு டவர் உங்கள இன்னொரு டவர் கையில புடிச்சுக் குடுத்தா அது ஹேண்ட்ஓவர். வேலைக்குச் சேந்த புதுசுல இதையெல்லாம் சண்டே ஸ்கூல் வசனம் மாதிரி மனப்பாடம் பண்ணேன். சொல்லி இன்னா புண்ணியம்? அன்னிக்கு ரயில்ல அதுல ஒரு எழுத்துகூட எனக்கு ஒதவல.

என் பேரு வினோலியா. பெங்களூர்ல ஒரு கம்பெனியில ஊருபட்ட டவரையெல்லாம் ஸ்கிரீன்ல பாத்துகினு, எது படுத்துச்சோ அதுக்கு டிக்கெட்டுன்னு ஒரு புகார் போட்டு ஆள அனுப்பற வேல. காலையில ஊரிகம் ஸ்டேஷன்ல ஏறுவேன், சாயங்காலம் அதே ரயில்ல திரும்புவேன். மைன்ஸ்காரங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த லைன் வீட்ல அப்பா மட்டும்தான். தங்கச் சொரங்கத்துல ஆள ஏத்தி எறக்கற கேஜுக்கு மணி அடிச்சவரு. கல்லுத்தூசி நுரையீரல்ல படிஞ்சு, இப்ப கரண்டுல ஓடற ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு. ஹலோன்னு ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள இருமல் ஆள மடக்கிடும்.

அதனால நாங்க போன்ல பேசறதே இல்ல. ரிங்குதான். ஒரு ரிங் வுட்டு கட் பண்ணா, நல்லாக்கீறேன், நீ வேலையப் பாரு. மூணு ரிங் வுட்டா, ஒடனே வா. சொரங்க ஷாஃப்ட்ல மூணு வாட்டி மணி அடிச்சா ஆளு ஏறுதுன்னு அர்த்தமாம், அதுலேர்ந்து அவரு எடுத்துக்கின சட்டம். "கால் எல்லாம் ஃப்ரீ ஆனப்புறமும் மிஸ்டு கால் வுடற குடும்பம் உங்க குடும்பம்தான்க்கா"ன்னு பாபு ஓட்டுவான். எனக்கு அடுத்த ஷிப்ட்ல அதே சீட்ல உக்கார்றவன். சிரிச்சிக்கோடா, உங்கப்பனுக்கு மூச்சு கீது, நீ சிரி. நான் வேலைக்குச் சேந்து மூணு வருஷம் ஆவுது, மூணு ரிங் ஒருவாட்டிகூட வந்ததில்ல. அதுல எனக்கு ஒரு பெரும வேற.

அன்னிக்கு கே.ஆர்.புரம் தாண்டும்போது பாபு போன் பண்ணான். "அக்கா, உங்க ஊரிகம் சைட்ல மெயின்ஸ் ஃபெயில் அலாரம். ரொம்ப நேரமாவே பேட்டரியில ஓடுது. நான் இப்பதான் பாத்தேன்."

மத்தவங்களுக்கு அது ஒரு செவப்பு கோடு. எனக்கு அது எங்க வீடு. டவருக்கு வர்ற கரண்டுதான் எங்க லைனுக்கும். அங்க மெயின்ஸ் ஃபெயில்னா எங்கப்பன் மெஷினும் ஃபெயில். வீட்ல இன்வெர்ட்டர் கீது, ஆனா பேட்டரி கெழடு, மெஷின் இழுக்கற இழுப்புக்கு ஒரு மணி நேரம் தாங்குனா பெருசு. அதுக்கப்புறம் கட்டில் பக்கத்துல நிக்கற சிலிண்டர்தான். அதத் தெறக்கற சாவி அவ்ளோ இறுக்கம், எனக்கே ரெண்டு கையும் வேணும். அப்பா கையில டம்ளரே நிக்காது.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாக்காவுக்கு சிலிண்டர் தெறக்க கத்துக் குடுத்து வெச்சிருந்தேன். அவங்களுக்குப் போட்டேன். ரிங் போவுது, போவுது, எடுக்கல. மறுபடியும் போட்டேன். எடுக்கல. எங்க போய்த் தொலைஞ்சீங்க அக்கான்னு ரயில்லயே கத்திட்டேன். எதிர்ல உக்காந்திருந்த லூயிசா என் கையப் புடிச்சா. சாம்பியன் ஸ்டேஷன்லேர்ந்து டெய்லி கூட வர்ற சிநேகிதி.

டீசல் ஊத்தற மஞ்சுநாத்துக்குப் போட்டேன். ஜெனரேட்டர் ஓடுனா டவராவது நிக்கும், ஆளுங்களக் கூப்பிடவாவது முடியும் இல்ல? "மேடம், நான் முல்பாகல்ல கீறேன். ஹைவே சைட் ஒண்ணு படுத்துடுச்சு. அது பி ஒன்னு. உங்குளுது பி மூணு மேடம்." ஆமா, பி மூணுதான். கம்மி போன், கம்மி வருமானம், கடைசியில பாத்துக்கலாம். டெய்லி நானே அப்படித்தான் டிக்கெட் போடறேன். அவர இன்னான்னு திட்டறது?

மாலூர் வரும்போது என் போன் அடிச்சுது. அப்பா நம்பர்.

ஒரு ரிங். நின்னுடுச்சு.

ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு கண்ண மூடினேன். லூயிசா சிரிச்சா, "பாத்தியா, நல்லாக்கீறாரு." மூச்சு வுட்டு முடிக்கல, பாபு மறுபடியும் கூப்பிட்டான். "அக்கா, சைட் டவுன். இப்பதான், இந்த நிமிஷம்தான் பேட்டரி செத்துது."

இந்த நிமிஷமா?

அப்ப அந்த ரிங்க வெச்சது யாரு? அப்பா வெச்சாரா, டவர் வெச்சுதா? மூணு வுடணும்னு ஆரம்பிச்சு, மொத ரிங்லயே டவர் படுத்துட்டா, என் போன்ல அது ஒத்த ரிங்காத்தான் வரும். பாபுகிட்ட கேட்டேன், லாக்ல பாருடா, யார் பக்கத்துலேர்ந்து கட் ஆச்சுன்னு. "அதெல்லாம் கோர் டீமுக்கு மெயில் போட்டு, நாளைக்குத்தான்க்கா வரும்"னான். பாவம், அவன் குரலே ஒடைஞ்சு போயிட்ச்சு.

லூயிசா அவ போன நீட்டினா. "என்னுது வேற கம்பெனி சிம், இதுல போடு." எல்லா கம்பெனி ஆண்டெனாவும் அந்த ஒரே கம்பத்துலதான் தொங்குதுன்னு அவளுக்கு எப்படி சொல்றது? சொல்லாம அப்பா நம்பருக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். இந்தப் பொம்பள ஒருத்தி, எவன் செத்தாலும் இதே குரல்ல சொல்வா.

நூத்தியெட்டுக்குப் போட்டேன். பேஷன்ட்டுக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. தெரியலன்னேன். பக்கத்துல யாரு இருக்காங்க, அவங்க நம்பர் குடுங்கன்னாங்க. இருக்கற நம்பரெல்லாம் குடுத்தேன். ஒண்ணும் போவலம்மா, வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு, வந்ததும் அனுப்பறோம்னு வெச்சிட்டாங்க. அவங்க சொன்னதுலயும் தப்பு இல்ல. யார் மேலயும் தப்பு இல்லன்னா நான் யார் மேல பாஞ்சு வுழறது?

டேக்கல் ஸ்டேஷன்ல ரயில் நின்னு கெடந்துது. என் போன்ல நாலு கோடும் முழுசா. சிக்னல்னா சிக்னல், அப்படியொரு சிக்னல். போய் எரியட்டும். முந்தானைய வாயில அடைச்சிகினு அழுதேன். பங்காரப்பேட்டையில எறங்கி ஆட்டோ புடிக்கறேன்னு எழுந்தேன், லூயிசா இழுத்து உக்கார வெச்சா. "ரயில்வே கேட்ல மாட்டிக்குவடி, ரயிலே முன்ன போவும்." எங்குளுக்கு முந்தின ஸ்டேஷன் கோரமண்டல் வரைக்கும் ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு, ஏசப்பா ஏசப்பான்னு வேற வார்த்தையே வரல.

ஊரிகத்துல எறங்கி ஓடினேன். லைன் பூரா இருட்டு. எங்க வீட்ல மட்டும் ஒரு டார்ச் வெளிச்சம். ரத்தினம்மாக்கா ஒரு அட்டைய வெச்சிகினு அப்பாவுக்கு விசிறிகினு இருந்தாங்க. சிலிண்டர் தெறந்திருந்துது. அதுல மாட்டின பாட்டில்ல தண்ணி கொப்பளிக்குது. அப்பா நெஞ்சு மேல கீழ போவுது. நான் அப்படியே வாசப்படியில உக்காந்துட்டேன்.

"ரேஷன் கடைக்குப் போயிட்டேன் கண்ணு, போன வீட்லயே வுட்டுட்டேன். வந்து பாக்கறேன், ஒதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிட்ச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..."

நான் கட்டில்கிட்ட போனேன். "அப்பா, மூணு வுட்டியா? மொத ரிங்லயே டவர் போயிட்ச்சா?"

அவரு தலைய ஆட்டினாரு. இல்ல. ஒரு வெரல மட்டும் காட்டினாரு.

"ஒண்ணா? மூச்சு முட்டிகினு கெடந்து, நல்லாக்கீறேன்னு ஒண்ணு வுட்டியா?"

ஆமான்னு கண்ண மூடித் தெறந்தாரு. மூணு வருஷமா வந்த ஒத்த ரிங்கெல்லாம் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. மழையில கரண்டு போன நாளு, காய்ச்சல் அடிச்ச நாளு. அதுல எது நெஜம், எது பொய்யி? நான் சிரிச்சிகினே வேலையப் பாத்த நாளெல்லாம் இவரு இங்க எப்படிக் கெடந்தாரு?

"உனக்கு மனசாட்சி கீதாப்பா?" கத்தினேன். "நான் இனிமே வேலைக்கே போவல, போ."

"சோத்துக்கு?"ன்னாரு. அதுக்கே மூச்சு வாங்குச்சு.

"மெதுவா பேசுடி, மனுசன் இப்பதான் பொழைச்சாரு"ன்னு ரத்தினம்மாக்கா என்னை அதட்டினாங்க.

அப்பா மாஸ்க்க ஒரு பக்கமா நவுத்தினாரு. "மூணு வுட்டா... நீ எப்ப வருவே?"

"இன்னா கேள்வி இது? அந்த ஒரு ரயிலுதான். இப்ப வந்த நேரத்துக்குத்தான்."

"ஒண்ணு வுட்டா?"

"அப்பவும் அதே ரயிலுதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு... வழியெல்லாம்... நீ அழுதுகினு வரணும்?"

மாஸ்க்க மறுபடி மூஞ்சில வெச்சிகினு கண்ண மூடிட்டாரு. நல்ல வேள, டார்ச் வெளிச்சத்துல என் மூஞ்சி அவருக்குத் தெரியல. வழியெல்லாம் அழுதுகினுதான்பா வந்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.