அழகையாவின் ஈரலில் பனி

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டும் அழகையாவின் ஈரலை எந்த மெஷினில் படம் பிடித்தாலும் மூடுபனிதான் விழுந்தது. இரத்தப் பரிசோதனையோ புற்றுநோய் என்றே கத்தியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! படத்தில் கட்டி தெரியாமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது என்றார்கள் டொக்டர்மார். பெயரில்லாத நோய்க்கு மருந்தும் இல்லை, தோட்டத்தில் லீவும் இல்லை. கண் மஞ்சளாகி வயிறு ஊதிய மனிதர் தினமும் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய், கங்காணி பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்றார்.

அவர் மனைவி தனலெட்சுமி அவரைத் தாங்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்குமாக பஸ்ஸில் அலைந்தாள். வர வரப் பனி படத்துக்குள் அடங்காமல் ஸ்கேன் அறையிலேயே இறங்கியது. ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்கள். வெயில் காலத்தில் வரும்படி ஒருவர் எழுதிக் கொடுத்தார். புது மெஷினைத் திறக்க வந்த அமைச்சர், பனியில் ரிப்பன் தெரியாமல் தன் சால்வையையே வெட்டிவிட்டுப் போனார். புது மெஷின் பனியை இன்னும் தெளிவாகக் காட்டியது.

பெரிய டொக்டர் மறுபடியும் "பனி விலகட்டும், பார்ப்போம்" என்றதும் தனலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"பனி விலகட்டும்னு எங்கள யாருங்க உக்கார வச்சா? பனிக்குள்ளதானே கொழுந்து எடுக்குறோம். நீங்க மட்டும் ஏங்க காத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

பெரியவர் முகம் சுளித்தார். பக்கத்தில் நின்ற இளம் டொக்டர் ஹம்ஸியா, "பனி இருக்கிற இடத்துலயே ஊசியப் போட்டு சதை எடுத்துப் பார்ப்பம் சேர்" என்றாள். எடுத்தார்கள். கட்டி எங்குமே இல்லை. ஈரல் முழுக்கப் பரவிக் கிடந்த அந்தப் பனிதான் புற்றுநோய். இத்தனை நாளும் எல்லோரும் பனிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நோய்க்குப் பெயர் கிடைத்தபோது மருந்துக்குக் காலம் தப்பியிருந்தது. லீவு கருமாதியன்று கிடைத்தது.

பனி மட்டும் போகவில்லை. பெரட்டுக் களத்தில் அழகையா வழக்கமாக நிற்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. கங்காணி பழக்கதோஷத்தில் பெயரைக் கூப்பிட, உள்ளிருந்து "இருக்கேங்க" என்று குரல் வந்தது. தோட்டத்துத் துரை கொஞ்சம் யோசித்து, ஆள் வந்திருந்தால் அன்றைய வேலைக்குப் பெயர் போடுவதுதான் முறை என்று சொல்லிவிட்டார்.

தனலெட்சுமிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "செத்தும் லீவு இல்லையா உங்களுக்கு? சரி, வாங்க" என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பனி அவள் பின்னாலேயே மலை ஏறியது.