மணிமுத்தாற்றுச் செவ்வெள்ளம்

வடக்கே சேர்வராயன் மலைமுடிகளைக் கருமுகில்கள் யானைக்கூட்டம்போல் நெருக்கி நிற்க, தெற்கே பரமத்தி வேலூர்ப் பக்கம் மட்டும் வெயில் பழுத்து, வெற்றிலைக் கொடிக்கால்களின் மேலும் வாழைத் தோட்டங்களின் மேலும் பொன்னுருக்கி ஊற்றியதுபோல் பரந்து கிடந்த ஆடித்திங்களின் பிற்பகல் அது. காற்று அசையவில்லை, கரும்பின் தோகையும் ஒலிக்கவில்லை, எதன் வரவையோ அஞ்சி நிலமெல்லாம் மூச்சடக்கிக் கிடப்பது போன்றதோர் அமைதி, திருமணிமுத்தாறு காவிரியைக் கூடும் துறையெங்கும் கவிந்திருந்தது.

அத்துறையின் மணற்கரையில் நின்றிருந்தாள் அகல்யா. தானும் தன் கணவன் கந்தவேலும் ஒருசேரப் பயின்று, ஒருவரையொருவர் விரும்பி மணந்த பல்கலைக்கழகத்திலேயே, பொறியியல் கற்க வழியற்ற உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அவர்கள் கல்விக்கொடை வழங்கி வந்தனர். கொடுத்ததோடு அமையாமல், கந்தவேல் பிறந்த ஊரின் ஆற்றங்கரைக்கு அப்பிள்ளைகளை அழைத்து வந்து தம் கையாலேயே சோறிடுவதும் அவர்கள் வழக்கம்.

அன்றும் உண்டெழுந்த பிள்ளைகள் கணுக்காலளவே ஓடிய நீரில் இறங்கி ஆடினர். நீரோடும் ஆறென்பதையே அதுவரை கண்டறியாத, வானம் பார்த்த கெங்கவல்லி நிலத்து மகளான பிரபா மட்டும் நடுவிலிருந்த பாறைவரை சென்று, நீரில் கால் நனைத்துத் தனியே அமர்ந்திருந்தாள்.

நீரியல் பயின்ற அகல்யாவின் கண்களோ, தெளிந்த நீரில் செம்மை இழையோடுவதையும், வைக்கோல் துரும்புகள் நுரையோடு சுழன்று வருவதையும், மேட்டுக் கொக்குகள் ஒருசேர எழுந்து அகல்வதையும் கண்டு கலங்கின.

"ஏனுங்க, தண்ணி நெறம் மாறுதுங்க. வடக்கால மலையில நல்ல மழை பேஞ்சிருக்குது. புள்ளைங்களக் கூப்புடுங்க."

கந்தவேல் நகைத்தான். "நான் பொறந்து வளந்த ஆறு அகல்யா. செத்த நேரம் ஆடட்டும், உடு."

அவள் மறுமொழி கூறுமுன்னே, பாறைகளை உருட்டி வருவது போன்றதொரு முழக்கம் வளைவுக்கு அப்பாலிருந்து எழுந்தது. கந்தவேலின் நகை முகத்திலேயே உறைந்தது.

"கரையேறுங்க! எல்லாரும் ஓடியாங்க சாமி!" என்று கூவினான்.

பிள்ளைகள் அலறியடித்துக் கரை சேர்ந்தனர். பாறைமேல் எழுந்து நின்ற பிரபாவின் இடையைச் செவ்வெள்ளம் பற்றியபோது, கந்தவேல் நீரில் பாய்ந்திருந்தான். அவளைத் தழுவிப் பிடித்து, நீரோட்டத்தோடு சாய்ந்து நீந்தி, கரையோரம் கைகோத்து நின்ற பிள்ளைகளின் பிடிக்குள் அவளைத் தள்ளினான். தள்ளிய அந்நொடியே, வேரோடு பெயர்ந்து வந்த பெருமரமொன்று அவனை மோதியது. கிளையொன்றைப் பற்றிய கையை அகல்யா கண்டாள். பின்னர் நீரை மட்டுமே கண்டாள்.

மறுநாள் கீழ்த்துறையொன்றில் அவன் உடல் ஒதுங்கியது.

அடுத்த ஆண்டு கல்விக்கொடை வழங்கும் விழாவுக்கு அகல்யா வரமாட்டாள் என்றே பல்கலைக்கழகத்தார் எண்ணினர். தனியே வந்தாள். பெயர் அழைக்கப்பட்டும் பிரபா மேடையின் படியிலேயே நின்றுவிட்டதைக் கண்டு, தானே இறங்கிச் சென்றாள்.

"எனக்கு வேணாம்மா," என்று விம்மினாள் பிரபா. "ஐயா உசுரே எனக்காகப் போயிடுச்சு. இன்னும் எப்படிம்மா கை நீட்டுவேன்?"

"உசுரக் குடுத்தாரு, வாங்கிக்கிட்டீங்க. படிப்ப மட்டும் வேண்டாம்னா எப்படிங்க சாமி?" என்றாள் அகல்யா. "நிமுந்து நில்லுங்க."

பிரபா நிமிர்ந்தாள். அகல்யா கொடையைக் கொடுத்தாள். பிரபா இரு கை நீட்டிப் பெற்றாள். சில இழப்புகளுக்கு ஈடென்பதே இல்லை, நன்னெஞ்சத்தீர். அவற்றை இறக்கி வைக்க இடமின்றிச் சுமந்தவாறே, எஞ்சியிருப்போர் தாம் தொடங்கிய அறத்தைத் தொடர்கின்றனர்.