எச்சரிக்கைக்கு ஒரு படம்

மகள் நாற்காலி மேல் ஏறி நின்று அலமாரியின் மேல்தட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். கீழே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் சிரித்த மாதிரி ஒரு படமாவது இருக்கும். இவருக்கு நூறு படம் இருந்தும் ஒன்றும் உதவாது.

அப்பா போஸ்டர் டிசைன் செய்கிறவர். கடைகளுக்குச் செய்தது வயிற்றுக்கு, ஊருக்குப் புத்தி சொல்லச் செய்தது சொந்த ஆசைக்கு. அந்த மாதிரி போஸ்டரில் முகம் காட்ட யார் வருவார்கள்? அவரே நின்றுவிடுவார். ஹெல்மெட் போடாமல் மண்டையில் கட்டோடு கிடப்பவர், அவர்தான். புகையிலை போட்டுப் பல் கறுத்தவர், அவர்தான். பிள்ளைகள் தெருவில் விட்ட கிழவர், அதுவும் அவரேதான். அதை ஒட்டின வாரம் பால்காரர் வாசலில் நின்று, "பெத்த அப்பனைத் தெருவுல விட்டவளுக்குப் பால் ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா உள்ளேதான் இருந்தார். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

தெருவில் அவர் பேரே 'எச்சரிக்கை'.

"கிடைச்சுதாடி?" என்றாள் அம்மா.

"கிடைச்சுது. பேய் மாதிரி ஒண்ணு, பிச்சைக்காரர் மாதிரி ஒண்ணு. எது வேணும்?"

"பேய் வேணாம். உங்க பெரியப்பா பயந்துப்பாரு."

பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவைப் பார்த்து ஊர் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு மகளுக்குக் காது புளித்திருந்தது. இன்றைக்கு ஒருநாள், அவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும், யாரும் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அப்போதுதான் கடைசி போஸ்டர் நினைவுக்கு வந்தது. வாசலுக்கு எதிரே மூடியில்லாத சாக்கடைப் பள்ளம். அதற்குள் மார்பளவு இறங்கி நின்று எடுத்த படம். ஆனால் வெளுத்த சட்டை, வாரின தலை, வாய் நிறையச் சிரிப்பு. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் மாப்பிள்ளைதான்.

அச்சகக்காரருக்கு போன் போட்டாள். அப்பாவின் சிநேகிதர். மறுமுனையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, பள்ளத்து போஸ்டர் இருக்குல்ல? அதைப் பெருசா போட்டு அனுப்புங்க. முகம் நல்லா தெரியணும்."

"பிரமாதமா தெரியும்மா. அவன் வேலையில நான் கை வைப்பேனா?"

அந்தக் கடைசி வார்த்தையிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

கதவளவு போஸ்டரைக் கொண்டுவந்து, அழுதுகொண்டே அச்சகக்காரரே சுவரில் ஒட்டினார். பள்ளம் இருந்தது. பார்ப்பவரை நோக்கி நீட்டிய விரலும் இருந்தது. கீழே கையகல எழுத்து: 'நான் உள்ளே போயாச்சு. அடுத்தது நீங்களா?'

விரல் நேராகப் பெரியப்பாவைக் காட்டியது. குடும்பத்திலேயே மூத்தவர், பாவம். நாற்காலியை இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். விரலும் கூடவே வந்தது. வலப்பக்கம் நகர்ந்தார். அங்கேயும் வந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான், என்னை நிம்மதியா உக்கார விடமாட்டான்" என்றார்.

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி முதுகைத் தடவினாள்.

"அந்த மூலைக்கு வேணா போய்ப் பாருங்க அத்தான்" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அவ்வளவுதான். ஒருவர் இருமுகிற மாதிரி ஆரம்பித்தார், இன்னொருவர் தொடர்ந்தார், வாசல்வரை பரவிவிட்டது. மகளுக்கு முகம் எரிந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அந்த எழுத்தையாவது வெட்டிடறேன்."

"எழுத்தில்லாம அவன் ஒரு படத்தையும் வெளிய விட்டதில்லம்மா."

"இன்னிக்கு விடுவாரு, சித்தப்பா."

ஓரத்தில் ஒரு சாண் வெட்டியிருப்பாள். "சார், காலு! காலு!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

நகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். அப்பா ஒவ்வொரு போஸ்டரையும் அவரிடம் கொண்டுபோவார். அவரும் "ஐடியா பிரமாதம் சார்!" என்று தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்வார். சுவர் நிறைந்துவிட்டது, பள்ளம்தான் அப்படியே கிடந்தது. இன்றைக்கு ஆளையே மறைக்கிற மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததில் தரை தெரியவில்லை. ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

மெல்லக் காலைப் பின்னால் வைத்தார். பள்ளத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். திறந்த கதவு வழியே சுவரில் போஸ்டர் தெரிந்தது.

கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவரை உள்ள கூப்பிடுடி, வெயில்ல நிக்கிறாரு" என்றாள் அம்மா.

"இரும்மா. படிச்சு முடிக்கட்டும்."

வெட்டுப்பட்ட ஓரம் சுருண்டு தொங்கியது. மகள் அதை உள்ளங்கையால் நீவிச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே பொறியாளர் அசையாமல் நின்றிருந்தார். மலர்வளையத்தின் நாடா பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.